தறிக்குழியோரம் ஒரு ரேடியோ

1988 பொங்கல் டெஸ்ட். சேப்பாக்கத்தில் ஹிர்வானி முதல் ஆட்டத்திலேயே 16 விக்கெட் எடுத்ததை, திருமுக்கூடலில் தார் சுற்றிக்கொண்டே அம்மா கேட்டாள். ரேடியோ, தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்காக வைத்தது. அப்துல் ஜப்பார் போன்றோர் வளர்த்த தமிழ் வர்ணனையோ யார் அனுமதியும் கேளாமல் அடுப்படிவரை வந்தது. கூக்ளி என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தந்தவள் அம்மாதான்.

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். 1976இல் பாட்னாவில் இந்தியப் பெண்களுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தந்த கேப்டன் சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர் என்பதை அந்த ரேடியோ எங்களுக்குச் சொன்னதே இல்லை. பின்னாளில் ஒரு பாட்காஸ்டில்தான் அறிந்தேன்.

இப்போது வீட்டில் ரேடியோ இல்லை. அஸ்வின் யூடியூபில் தமிழிலேயே கிரிக்கெட் பேசுகிறார். என் மகன் அதை இயர்போனில் கேட்கிறான். பக்கத்தில் தார் சுற்றும் அம்மா, "என்னடா சொல்றாரு?" என்று இரண்டு முறை கேட்கிறாள்.