தலையணைப் பஞ்சும் போர் விமானமும்

பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

நாம் இலவம் பஞ்சு என்பதைச் சிங்களத்தில் 'கொட்ட புலுன்' என்பார்கள். கொட்ட என்றால் தலையணை, புலுன் என்றால் பஞ்சு. இந்த மரத்துக்குத் தென்னமெரிக்காவில் பல்சா என்றொரு சொந்தக்காரன் இருக்கிறான். ஸ்பானிய மொழியில் பல்சா என்றால் தெப்பம். ஒரு கன மீற்றர் தண்ணீர் 1000 கிலோ. அதே அளவு பல்சாப் பலகை ஏறத்தாழ 160 கிலோதான். 1947இல் ஒன்பது பல்சா மரங்களைக் கட்டிய 'கொன்-டிக்கி' தெப்பத்தில் ஆறு பேர் பெருவிலிருந்து 101 நாட்கள் பசிபிக் கடலைக் கடந்தார்கள்.

இரண்டு மரங்களின் காய்க்குள்ளும் பஞ்சு உண்டு. பருத்தியில் நார் விதைத் தோலில் முளைக்கிறது. இலவத்தில் காயின் உட்சுவரில் முளைக்கிறது. அந்த நார் உள்ளே குழல்போல வெறுமையாகவும் வெளியே மெழுகு பூசியதுபோலவும் இருப்பதால் நூலாகத் திரிக்க வழுக்கும், தண்ணீரிலோ மிதக்கும். அதனால்தான் கப்பற்படையின் உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தார்கள். உலகத்துக்கு அதிகமாக இலவம் பஞ்சு அனுப்பிய ஜாவா 1942இல் ஜப்பானியர் கைக்குப் போனது. பல்சாவோ போர் விமானமே ஆனது. பிரித்தானியாவின் 'மொஸ்கிட்டோ' விமானத்தின் உடல், மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பல்சா வைத்துச் செய்யப்பட்டது. பர்மாப் போரில் அது பறந்தபோது, அந்தப் படைகளின் தலைமையகம் எங்கே இருந்தது? நமது பேராதனைப் பூங்காவில்! 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு அதை டெல்லியிலிருந்து இங்கே மாற்றியிருந்தார்.

குடும்பக் கதையும் பேராதனையைத் தொடுகிறது. பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலில், இலவம் செவ்வரத்தையின் குடும்பமான மல்வேசியில் இருந்தது. பிற்கால நூல்கள் பல, இலவம், பல்சா, துரியன் மூன்றையும் 'பொம்பகேசி' என்று தனிக்குடும்பம் ஆக்கின. மரபணு ஆய்வுக்குப் பின் 1998இல் அவை மறுபடி மல்வேசிக்கே வந்துவிட்டன. ஆகவே நம் வேலியோரச் செவ்வரத்தை, கறிக்கு வாங்கும் வெண்டிக்காய், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மன்னார்ப் பெருக்கமரம் எல்லாமே பல்சாவுக்குச் சொந்தம்தான்.

ஸ்பஞ்சு மெத்தை வந்த பிறகு, "பலகைக்கும் உதவாது, பஞ்சு பறந்து குப்பை" என்று இலவ மரங்களைத் தறிக்கிறோம். மரம் போனால், காயை எப்போது பறிப்பது, விதையை எப்படிப் பிரிப்பது என்ற கைப்பழக்கமும் நம் உம்மும்மாமாரோடு போய்விடும். தறிக்கும் முன் அவர்களிடம் ஒருதரம் கேளுங்கள். காய் வெடிக்கும் காலத்தில் ஒரு பிடி இலவம் பஞ்சையும் ஒரு பிடி பருத்திப் பஞ்சையும் வாளித் தண்ணீரில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எது மிதக்கிறது, ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.