நட்சத்திரம் கண் சிமிட்டுவது யார் குற்றம்?

பிரெஞ்சு வழியில் படித்த நாளில் எங்கள் பௌதிக முசே ஒன்று சொன்னார்: நட்சத்திரம் சிமிட்டுவதில்லை, நடுவில் இருக்கும் காற்றுதான் ஆடுகிறது. சித்திரை வெயிலில் தார் ரோட்டின் மேல் எதிரே வருகிற ஆள் நெளிந்து தெரிவது போலத்தான்.

இதற்கு மருந்தை 1953இல் ஹொரேஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலாளர் எழுதி வைத்தார். காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறதோ, அதற்கு நேர் எதிராகக் கண்ணாடியை வளைத்துவிட்டால் உருவம் நேராகிவிடும். ஆனால் ஒரு நொடிக்குள் பல தடவை வளைக்க வேண்டுமே! அன்றைக்கு அதற்கான கருவி கிடையாது. பின்னர் அமெரிக்க ராணுவம் ரகசியமாக இதில் இறங்கியது. வானியலுக்காகச் செய்து காட்டியது பிரான்சில், 1989 அக்டோபரில், ஓத் ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில். 'ஒப்தீக் அதப்தாதீவ்' என்பார்கள். கண்ணாடியின் முதுகில் 19 தள்ளுகோல்கள். எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

சரி, காற்றே இல்லாத விண்வெளியில் இது எதற்கு? நானும் அப்படித்தான் கேட்டேன். சூரியனைப் போன்ற நட்சத்திரத்தின் பக்கத்தில் பூமி போன்ற கிரகம் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வெளிச்சந்தான் தரும். வெப்பத்தில் தொலைநோக்கி இம்மியளவு வளைந்தாலும் நட்சத்திர ஒளி சிதறிக் கிரகத்தை மூடிவிடும். அதைத் திருத்தத்தான் வளையும் கண்ணாடி.

ஆனால் ராக்கெட்டின் குலுக்கலைத் தாங்குமா? மேலே போய் வேலை செய்யுமா? எங்கள் ஆபீசில் புது ஆளைத் தகுதிகாண் பருவத்தில் வைப்போம். பெரிய ஃபைலை எடுத்தவுடன் கையில் கொடுக்க மாட்டோம். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் செய்ததும் அதுதான். 'டெமி' என்ற செயற்கைக்கோள், சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், செருப்புப் பெட்டி அளவு. உள்ளே 140 தள்ளுகோல் கொண்ட குட்டிக் கண்ணாடி. 2020 பிப்ரவரியில் சரக்குக் கலத்தில் ஏறி, ஜூலை 13 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. உள்ளேயே ஒரு லேசர் ஒளியை வைத்துச் சோதித்தார்கள். தரையில் அசைந்தது போலவே அங்கும் கண்ணாடி அசைந்தது.

நாசாவின் ரோமன் தொலைநோக்கியில் இரண்டு வளையும் கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் 2304 தள்ளுகோல்கள். வகை வேறு, வேலை அதே.

அந்த ஜூலையில் நாமெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம். எனக்கோ கண்புரை, மொட்டை மாடியில் நின்றால் ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டாகத் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்தபின் ஒன்றாகிவிட்டது. சிமிட்டுவது மட்டும் நிற்கவில்லை.