நாவலர் நடந்து காட்டிய கல்வி

கல்வி அறிவைப் பெருக்குவதோடு கற்பவனின் நடையையும் திருத்தவேண்டும் என்பது தமிழ் மக்களின் நெடுநாட் கொள்கை. அக்கொள்கைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே பள்ளியும் பாடநூலும் அமைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

1822ஆம் ஆண்டிற் பிறந்த நாவலர், வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பீட்டர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றார். மிசன் பள்ளிகளின் ஒழுங்கான பாடமுறையையும், அச்சு நூலின் ஆற்றலையும் அவர் அருகிருந்து கண்டார். பிறர் சமயத்தைக் குறைகூறுவதால் மட்டும் தம் சமயம் வாழாது. அதனைச் சார்ந்தோர் கற்றவராயும் ஒழுக்கமுடையவராயும் இருத்தல் வேண்டும் என உணர்ந்தார்.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளாகிய வெள்ளிக்கிழமையன்று, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய பிரசங்கம் தொடங்கியது. இறைவனின் இயல்பை விளக்கியதுபோலவே, மதுவின் தீமை, கொல்லாமை, தானம் முதலியவற்றையும் வாரந்தோறும் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சம்பளம் தந்த ஆசிரியப் பதவியைத் துறந்தார்; இல்லறத்தையும் மேற்கொண்டாரல்லர். பிள்ளைகளுக்கு அடக்கத்தைப் போதிக்குமுன், தம் ஆசைகளை அடக்கிக் காட்டினார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். அவ்வாண்டிலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. அவர் எழுதிய பாலபாடங்கள் எழுத்தறிவிற் தொடங்கி, படிப்படியாக ஒழுக்கத்திற்கு உயர்வன. கள்ளுண்ணல், களவு, பொய், அழுக்காறு, சூது ஆகியவற்றின் கேட்டை நான்காம் பாலபாடம் எளிய உரைநடையில் விளக்குகிறது. செய்யுளை மனனஞ் செய்தே பழகிய பிள்ளைகள், பொருளறிந்து சிந்திப்பதற்கு அவ்வுரைநடை வழிசெய்தது. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது.

அவர் பணிக்கு ஓர் எல்லையும் இருந்தது. அக்காலச் சாதி வேற்றுமையை அவர் ஏற்றே நின்றார். ஆதலால் அவர் ஏற்றிய விளக்கின் ஒளி எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒப்பக் கிடைக்கவில்லை. அக்குறையை நீக்கும் கடமை பின்வந்தோரைச் சார்ந்தது.

1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசியாற்றினார். பாலபாடத்தில் அவர் எழுதிய தருமம், அந்நாளில் அடுப்பிலேறிய உலையாயிற்று. 1879இல் அவர் மறைந்தார். பிறரைத் திருத்த முற்படும் ஆசிரியன், தானே தன் முதல் மாணவனாதல் வேண்டும் என்பதே அவர் வாழ்விலிருந்து ஆசிரியருலகம் கொள்ளத்தக்க பாடம்.