கொல்லிமலை: பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளும் சட்டமும்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தாய் தந்தையர் பிரிந்தால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை இங்கே நெடுங்காலம் ஊர்ப் பஞ்சாயத்தே தீர்மானித்து வந்தது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில் உறவைத் தீர்த்துக்கொள்வதும், பெண் மறுமணம் செய்துகொள்வதும் மலையில் இழிவல்ல. சமவெளியில் விதவை மறுமணத்துக்கு 1856-இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஆனால் பிள்ளை என்று வரும்போது வழக்கம் தந்தை பக்கமே சாய்ந்தது. கணவனை விட்டு வேறொருவருடன் வாழப் போன பெண்ணின் பிள்ளைகள் கணவனுக்கே உரியவர்கள் என்ற வழக்கத்தை ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. பெற்றவளின் சொல்லுக்கு அதில் இடமில்லை.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்களும் இதைத் தொடவில்லை. 1955-இன் இந்துத் திருமணச் சட்டம், 1956-இன் இளவர் காப்பாளர் சட்டம், அதே ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் ஆகிய மூன்றும், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தா. வழக்கத்தை மதிக்கும் நோக்கம் நியாயமானதே. ஆயினும் அந்த வழக்கத்துக்குள் பிள்ளையின் நலனைக் கேட்பார் யார் என்பதைச் சட்டம் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

அந்த இடத்தை நிரப்புவது 1890-இன் காப்பாளர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம். சாதி, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் பொருந்தும் இச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையின் நலனை முன்வைக்கிறது. விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம். 2015-இல் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத தாய் தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே காப்பாளராகலாம் என்று தீர்ப்பளித்தது இச்சட்டத்தின் கீழ்தான்.

பிள்ளையின் வளர்ப்புச் செலவுக்கான வழி இன்னும் நேரானது. 1898-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488-ஆம் பிரிவாகவும், 1973-இல் 125-ஆம் பிரிவாகவும் இருந்த ஜீவனாம்ச உரிமை, 1.7.2024 முதல், அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. பெற்றோருக்குத் திருமணம் நடந்ததா இல்லையா என்பது பிள்ளையின் உரிமையைப் பாதிக்காது. மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பும் 2001-இல் நீங்கியது.

மலையில் சிக்கல் வருமானத்தைக் காட்டுவதில்தான். மிளகுக் கொடியும் சாமைக் காடும் வைத்திருப்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த, வருமானமும் சொத்தும் தெரிவிக்கும் பிரமாணப் பத்திரம் இதற்கு உதவுகிறது. விவசாயிகளுக்கென அதில் தனிப் படிவம் உண்டு: நிலத்தின் அளவு, நன்செயா புன்செயா, என்ன சாகுபடி, மூன்றாண்டு வருமானம், ஆடு, மாடு, கோழி, தேனீ வளர்ப்பு வரை எழுதித் தர வேண்டும். மனு கொடுத்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பு.

பஞ்சாயத்து பேசி முடித்துவிட்டது என்பதால் பிள்ளையின் உரிமை தீர்ந்துவிடாது. 1987-இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். மலையிலிருந்து இறங்கி வரும் தாய் அதைக் கேட்டுப் பெறலாம்.