சிகாகோ பனியில் பிறந்த பலகை

1978 ஜனவரியில் சிகாகோவில் பனி கொட்டித் தீர்த்தது. வெளியே தலைகாட்ட முடியாமல் வீட்டில் அடைபட்டிருந்த வார்டு கிறிஸ்டென்சன், நண்பர் ராண்டி சூஸைத் தொலைபேசியில் அழைத்தார். இருவரும் உள்ளூர்க் கணினி ஆர்வலர் சங்கத்துக்காரர்கள். சங்கங்களில் தக்கைப் பலகை மாட்டி, சீட்டில் எழுதிய செய்திகளை ஊசியால் குத்திவைப்பது வழக்கம். அதே பலகையைக் கணினியில் வைத்து, யார் வேண்டுமானாலும் தொலைபேசி வழியே வந்து படிக்கவும் எழுதவும் விட்டால் என்ன? பேச்சு வேலையானது. கிறிஸ்டென்சன் நிரலை எழுத, சூஸ் கருவிகளைப் பூட்டினார்.

இரண்டே வாரத்தில் வேலை முடிந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒரு மாதம் ஆனதாகச் சொல்லிக்கொண்டார்கள். பிப்ரவரி 16 அன்று 'சிபிபிஎஸ்' என்ற பெயரில் பலகை பொதுமக்களுக்குத் திறந்தது. கணினி சூஸின் வீட்டில் இருந்தது. அவர் நகருக்குள்ளேயே குடியிருந்ததால் நகரவாசிகள் வெளியூர்க் கட்டணம் இல்லாமல் அழைக்கலாம். மணி அடித்ததும் கணினி தானாக விழித்துப் பதில் சொல்லும். இருந்தது ஒரே இணைப்பு. ஒருவர் வைத்த பிறகுதான் அடுத்தவர் நுழைய முடியும். கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடமின் வேகம் விநாடிக்கு சுமார் 30 எழுத்து. வரிகள் திரையில் ஊர்ந்து வருவதைப் பொறுமையாகப் பார்த்திருந்தார்கள்.

இருவரும் செய்ததை மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. 1978 நவம்பர் 'பைட்' இதழில் பலகை உருவான விதத்தை விரித்து எழுதினார்கள். கணினிக்குக் கணினி கோப்பு அனுப்ப 1977-லேயே தான் எழுதிய நிரலையும் கிறிஸ்டென்சன் காசு வாங்காமல் பொதுவில் விட்டிருந்தார். அதிலிருந்து வந்ததுதான் 'எக்ஸ்மோடம்' என்ற கோப்பு அனுப்பும் முறை. இவற்றைக் கற்றவர்கள் தங்கள் வீட்டு அறைகளில் பலகைகளை நிறுவினார்கள். 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய 'ஃபைடோநெட்', தனித்தனியாக நின்ற பலகைகளைப் பிணைத்தது. கட்டணம் குறையும் இரவு நேரத்தில் ஒரு பலகை இன்னொன்றை அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றும்.

1990-களில் இணையம் பரவியதும் பெரும்பாலான பலகைகளின் தொலைபேசி இணைப்புகள் மௌனமாயின. சில பலகைகள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட் வழியே இணையத்துக்குக் குடிபெயர்ந்தன. தைவானில் 1995-இல் ஒரு மாணவர் தொடங்கிய 'பிடிடி' என்ற பலகை, அதே எழுத்துத் திரையோடு இன்றும் இயங்குகிறது.

சூஸ் 2019-இலும் கிறிஸ்டென்சன் 2024-இலும் மறைந்தார்கள். கற்றதை ஊருக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் அந்தப் பலகையின் எண்ணம் அவர்களுக்குப் பின்னும் வாழ்கிறது.