ஒலிநாடா காத்த ஓர் இரவு

1977 மே 8 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்று அன்னையர் தினம். நியூயோர்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ரொக் இசைக்குழு பாடியது. நிகழ்ச்சி முடிந்து ரசிகர்கள் வெளியே வந்தபோது, வசந்த காலத்தின் நடுவில், பனி பொழிந்துகொண்டிருந்தது. மாணவர்கள் விடுதிகளுக்குத் திரும்பினார்கள். இசைக்குழு மறுநாள் நிகழ்ச்சிக்காக பஃபலோ நகருக்குப் புறப்பட்டது.

அத்தோடு மறக்கப்பட்டிருக்க வேண்டிய இரவு அது. ஆனால், அக்குழுவின் ரசிகர்கள் இன்று 'கோர்னெல்' என்று ஒற்றைச் சொல்லால் சொன்னாலே அந்த இரவைத்தான் குறிப்பிடுகிறார்கள். முப்பது ஆண்டுகளில் சுமார் 2,300 நிகழ்ச்சிகளை நடத்திய ஒரு குழுவின் மிகச் சிறந்த இரவு எது என்று கேட்டால், இந்தத் திகதியைச் சொல்பவர்களே அதிகம். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்படிச் சொல்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் அல்லர். பலர் அன்று பிறந்திருக்கவுமில்லை.

கேட்காத கச்சேரி ஒன்று இத்தனை பேரின் ஞாபகமானது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடினால் மேடையிலிருந்து சற்று விலகி, ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் அமர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறோம்.

*

கிரேட்ஃபுல் டெட் 1965 இல் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவை அண்டிய பகுதியில் உருவானது. இசைத்தட்டில் உள்ளதை மேடையில் அப்படியே ஒப்புவிக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. ஒரு பாடலைத் தொடங்குவார்கள். இடையில் சொற்கள் நின்றுவிடும். ஜெரி கார்சியாவின் கிற்றார் ஒரு வழியில் போகும், பில் லெஷின் பேஸ் கிற்றார் இன்னொரு வழியில் போகும். அவர்கள் மீண்டும் சந்திக்கும் இடத்தில் வேறொரு பாடல் பிறந்திருக்கும். இவ்வாறு மேடையிலேயே இசையைக் கட்டியெழுப்பும் குழுக்களைப் பிற்காலத்தில் 'ஜாம் பாண்ட்' என்று அழைத்தார்கள். அந்த வகைக்கு மூத்த குழு இதுவே எனலாம்.

நேற்றுப் பாடியதை இன்று அதேபோலப் பாடாத குழு என்பதால், ஒவ்வோர் இரவும் தனியானது, தவறவிட்டால் தவறவிட்டதுதான். ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்ததும், ஒலிப்பதிவுக் கருவிகளை ஒளித்துக்கொண்டு வந்ததும் இதனால்தான். 1974 இலேயே இந்தப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வோருக்கென 'டெட் றெலிக்ஸ்' என்ற சஞ்சிகை வெளிவரத் தொடங்கிவிட்டது. குழுவினர் இதைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். 1984 இல் பதிவாளர்களுக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். பதிவு செய்யலாம், கொடுத்து வாங்கலாம், காசுக்கு விற்கக் கூடாது என்பதே அவர்களிடையே நிலவிய எழுதாச் சட்டம்.

*

1977 வசந்தகாலச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1974 ஒக்டோபரில் சுற்றுப்பயணங்களை விட்டு விலகிய குழு 1976 ஜூனில்தான் அவற்றுக்குத் திரும்பி வந்தது. 1977 இன் தொடக்கத்தில் 'டெராப்பின் ஸ்டேஷன்' என்ற இசைத்தட்டுக்காக கீத் ஒல்சன் என்ற தயாரிப்பாளரிடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்தது. திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யவைத்த அவரது கண்டிப்பே அந்தச் சுற்றுப்பயணத்தில் இசை அவ்வளவு இறுக்கமாக அமையக் காரணம் என்பர்.

பார்ட்டன் மண்டபத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இசைக்காகக் கட்டப்பட்டதல்ல அது; 1910களில் படைப்பயிற்சிக்கென எழுப்பப்பட்ட கட்டடம். 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவர்களின் போராட்டத்தையொட்டி ஆயிரக்கணக்கான மாணவர்கள் கூடி விவாதித்ததும் இதே கூரையின் கீழ்தான்.

அன்றிரவு இரண்டு பகுதிகளாகப் பாடினார்கள். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் கூட்டம் மேடையை நோக்கி நெருக்கியது. முன்னால் நிற்பவர்கள் நசுங்குகிறார்கள், எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்து விளையாட்டுப்போலக் கேட்டுக்கொள்வது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அதன் பின்னர் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' தொடங்கி, நிற்காமலே 'ஃபயர் ஒன் த மவுண்டன்' என்ற பாடலுக்குள் இறங்குகிறது. இந்த இணைப்பு அப்போது மேடைக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. ஒரு பாடல் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத அந்த இருபத்தைந்து நிமிடங்களைத்தான் ரசிகர்கள் இன்னமும் பேசிப் பேசி மாளாமல் இருக்கிறார்கள்.

இறுதிப் பகுதியில் 'மோர்னிங் டியூ'. கனடாவின் நாட்டார் பாடகி பொனி டொப்சன் எழுதிய பாடல் இது. அணுகுண்டுப் போரின் பின்னர் எஞ்சியிருக்கும் இருவரின் உரையாடலாக அமைந்தது. கார்சியா அதைத் தணிந்த குரலில் பாடிவிட்டு, கிற்றாரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு போகிறார். சிப்பாய்களுக்கு அணிநடை பழக்கக் கட்டிய மண்டபத்தில், உலகம் அழிந்த பின்னரான காலைப்பொழுதைப் பற்றிய பாடல். இதை அவர்கள் திட்டமிட்டுச் செய்திருக்கமாட்டார்கள். ஆயினும் தெரிந்து கேட்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

*

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. அவர் பெயர் பெட்டி கன்டர்-ஜக்சன். அறுபதுகளின் சான் பிரான்சிஸ்கோ நடன அரங்குகளில் ஒலிக் கருவிகளோடு பழகி, ஆண்களே நிறைந்திருந்த அத்தொழிலில் ஒலிப்பதிவாளராக உயர்ந்தவர். குழுவின் 'லைவ்/டெட்', 'வேர்க்கிங்மன்ஸ் டெட்' போன்ற முக்கியமான இசைத்தட்டுகளில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அவருடைய கணவர் றெக்ஸ் ஜக்சன் அதே குழுவின் மேடைப் பணியாளர். 1976 செப்டெம்பரில் வாகன விபத்தில் இறந்துபோனார். ஆக, கோர்னெல் இரவில் பெட்டி கணவனை இழந்து எட்டு மாதங்களே ஆன ஒரு பெண்.

அரங்குக்குப் போகும் ஒலியை அப்படியே நாடாவில் இறக்குவதோடு அவர் திருப்தியடையவில்லை. நாடாவுக்கென்று தனியாக ஒலியைக் கலந்தார். வீட்டிலிருந்து கேட்கும் ஒருவருக்கு மேடையின் இடமும் வலமும் புலப்பட வேண்டும், ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவருடைய அக்கறை. அப்போது அந்தப் பதிவை யாரும் வெளியிடப் போவதாகச் சொல்லியிருக்கவில்லை. அன்றாட வேலையாகவே அதைச் செய்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் குழுவை விட்டு விலக நேர்ந்தது. கையில் பணமில்லை. அவரிடமிருந்த நூற்றுக்கணக்கான சுருள் நாடாக்கள் வாடகைக் களஞ்சியம் ஒன்றில் இருந்தன. வாடகை கட்ட முடியாமற்போனதால் 1986 இல் அவை ஏலத்துக்கு வந்தன. பல கைகளுக்குப் பிரிந்து போயின. சில நாடாக்கள் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் பழுதடைந்த பின்னரே திருத்துவோரின் கைக்குக் கிடைத்தன. ஒரு மனுசியின் பத்து வருட உழைப்பு, பழைய தளபாடம்போல விலைபேசப்பட்டது என்பதை நினைக்கவே வேதனையாக இருக்கிறது.

ஆனால், அந்த ஏலம்தான் கோர்னெல் இரவை உலகுக்குத் திறந்துவிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. கசற் காலத்தைக் கண்டவர்களுக்கு ஒன்று தெரியும்: பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று போகப் போக இரைச்சல் கூடி இசை மங்கிவிடும். ரசிகர்கள் அதுவரை அப்படி மங்கிய பதிவுகளுக்கே பழகியிருந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் பெட்டியின் நாடாக்களிலிருந்து எடுத்த பிரதிகள் பரவத் தொடங்கியபோது, முதற்தடவையாகத் திரை விலகியதுபோல இருந்தது. ரசிகர்கள் அவற்றுக்கு 'பெட்டி போர்ட்ஸ்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டின் 2011 ஆம் ஆண்டுத் தெரிவில் கோர்னெல் நிகழ்ச்சியைச் சேர்த்தது. அப்போது அந்தப் பதிவு இசைத்தட்டாக வெளிவந்திருக்கவில்லை. மூலநாடா குழுவின் சொந்தக் காப்பகத்திலும் இல்லை. ரசிகர்கள் கைக்குக் கை கொடுத்த பிரதிகளின் பலத்திலேயே அது தேசத்தின் பதிவேட்டுக்குப் போனது. நாடாக்கள் திரும்பக் கிடைத்து, முறைப்படி வெளியீடு கண்டது 2017 மே மாதத்தில்தான். சரியாக நாற்பது ஆண்டுகளின் பின்னர்.

*

ரசிகர்கள் எல்லோரும் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். மூன்று நாட்களுக்கு முந்திய நியூ ஹேவன் நிகழ்ச்சிதான் சிறந்தது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். மறுநாள் பஃபலோவே மேலானது என்போரும் இருக்கிறார்கள். கோர்னெல் நிகழ்ச்சி நடக்கவே இல்லை, எல்லாம் அரசாங்கத்தின் சூழ்ச்சி என்பது அவர்களுக்குள் உலவும் பழைய பகிடி. நல்ல ஒலிநாடா கிடைத்ததால்தான் அந்த இரவுக்கு இவ்வளவு பேர் என்ற வாதமும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அதை ஒரு குறையாகச் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை. பதிவாகாத நல்ல இரவுகள் எத்தனையோ இருந்திருக்கும். அவை அங்கிருந்தவர்களோடு போய்விட்டன.

அன்று மண்டபத்தில் நின்றவர்களின் ஞாபகத்தில் தங்கியவை வேறு: கூட்டத்தின் நெருக்கம், வெளியே காத்திருந்த பனி. அது ஒரு 'வரலாற்று இரவு' என்ற செய்தி பல வருடங்கள் கழித்து, அங்கிராதவர்களின் வாயிலாகவே அவர்களில் பலரைத் தேடி வந்தது.

கார்சியா 1995 ஓகஸ்ட் 9 ஆம் திகதி மறைந்தார். அத்தோடு குழுவும் கலைந்தது. 2023 மே 8 அன்று, அதே மண்டபத்தில், 'டெட் அண்ட் கம்பெனி' என்ற பெயரில் பொப் வெயரும் மிக்கி ஹார்ட்டும் இளையவர்களோடு மீண்டும் பாடினார்கள். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு நின்ற ஒரு சிலரும், நாடாவில் மட்டும் கேட்ட ஆயிரக்கணக்கானோரும் அந்தச் செய்தியை ஒரே மனநிலையில்தான் வரவேற்றிருப்பார்கள்.

இசை வரலாற்றை எழுதும்போது நாம் பாடியவரை எழுதுகிறோம், பாட்டை எழுதியவரை எழுதுகிறோம். பதிந்து வைத்தவருக்கு ஓர் அடிக்குறிப்புக்கூடக் கிடைப்பதில்லை. அந்த இரவு இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதற்கு, துக்கம் ஆறாத நிலையிலும் வேலையைச் சரியாகச் செய்த ஒரு பெண் காரணம். கோர்னெலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெட்டி கன்டர்-ஜக்சன் என்ற பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும்.