உங்க வீட்டுத் தக்காளி எந்த ஊர்? சென்னையில் உள்ளூர் காய்கறி வாங்குவது எப்படி?

ஆந்திரா, கர்நாடகாவில் இருந்து வரத்து குறைந்தால், சென்னையில் ரசம் வைக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையிலும் அதே கதைதான். அப்படியென்றால், பக்கத்து ஊர்களில் விளைவதை வாங்கினால் என்ன? சென்னையில் அது நடக்கிற காரியமா?

கோயம்பேட்டுக்கு எங்கிருந்து வருகிறது?

சென்னையின் காய்கறித் தேவைக்கு முக்கிய ஆதாரம், 1996-ல் திறக்கப்பட்ட கோயம்பேடு மார்க்கெட். இங்கே பெரிய வெங்காயம் மகாராஷ்டிராவின் நாசிக் பகுதியில் இருந்து வருகிறது. தக்காளிக்கு ஆந்திராவின் மதனப்பள்ளியும் கர்நாடகாவின் கோலாரும் முக்கியம். அங்கே விளைச்சல் குறைந்தால், இங்கே விலை எகிறும்.

பக்கத்தில் என்ன கிடைக்கும்?

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் கீரை, கத்தரி, வெண்டை, நெல் விளைகின்றன. இதில் கீரைதான் சுலபமான தொடக்கம். சீக்கிரம் வாடிவிடும் என்பதால் அதை ரொம்ப தூரத்தில் இருந்து கொண்டுவர முடியாது. கோடையில் தர்பூசணி, நுங்கு, பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு என சீசன் பார்த்தும் வாங்கலாம்.

உழவர் சந்தையில் என்ன லாபம்?

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கியது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் மட்டுமே இங்கே விற்கலாம். கடை வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் தினமும் விலை நிர்ணயிக்கப்படும். விவசாயிக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். சென்னையைச் சுற்றி பல்லாவரம், மேடவாக்கம், அம்பத்தூர் போன்ற இடங்களில் இந்தச் சந்தைகள் உண்டு. காலையிலேயே போய்விடுவது நல்லது.

மீன் விஷயத்தில் கவனம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் காசிமேட்டில் பெரிய மீன் நிறைய கிடந்தால், அது வெளியூரில் இருந்து ஐஸில் வந்ததாக இருக்கலாம். நாட்டுப்படகு, ஃபைபர் படகுகளில் பிடிக்கும் சிறிய மீன்கள்தான் அப்போது உள்ளூர் மீன்.

'உள்ளூர்'னா இயற்கை விவசாயமா?

இல்லை. பக்கத்துக் கிராமத்தில் விளைந்த கத்தரிக்காயிலும் பூச்சிமருந்து அடித்திருக்கலாம். பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்று போட்டு விற்றால், 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிச் செலவு குறைவு என்பதற்காக விலை எப்போதும் குறையும் என்றும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையில் வயல்கள் மூழ்கினால், முதலில் விலை ஏறுவது கீரைக்குத்தான்.

அப்போ என்னதான் செய்வது?

எல்லாமே உள்ளூரில்தான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளியூரில் இருந்து வரட்டும். கீரை, கத்தரி, வெண்டையை மட்டும் பக்கத்தில் இருந்து வாங்கிப் பழகலாம். தக்காளி 100 ரூபாய் தொடும் வாரத்தில் புளியும் கீரையும் கைகொடுக்கும். அடுத்த முறை கடையில் விலை கேட்பதற்கு முன், "இது எந்த ஊர் காய்ண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள்.